அண்ணன் அவித்த முட்டை மட்டும்தான் சாப்பிடுகிறான்

கேள்வி:

அக்கா, பெயர் போட வேண்டாம். விருதுநகர் மாவட்டம். எனக்கு 28 வயது, மதுரையில் ஒரு வங்கியில் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அண்ணனுக்கு 34. கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படிக்கும்போது ஹாஸ்டலில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்லிப் பாதியில் வந்துவிட்டான். முதலில் திருச்சிப் பக்கம் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய் அம்மா ஒரு மண்டலம் தங்கினார், அப்புறம்தான் டாக்டர். ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்றார்கள். மாத்திரை சாப்பிட மறுத்ததால் அம்மா பல வருடமாகப் பொடித்துச் சாம்பாரில் கலந்து கொடுத்தார். மூன்று மாதத்துக்கு முன்பு பொடிப்பதை அவன் பார்த்துவிட்டான். அன்று முதல் வீட்டுச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. வாழைப்பழம், தானே அவித்துத் தானே உரிக்கும் முட்டை, கடை பிஸ்கட், அவ்வளவுதான். இரவெல்லாம் நடக்கிறான். என்னையும் அம்மாவின் ஆள் என்கிறான். எனக்கு வரன் பார்க்கிறார்கள். பெண் பார்க்க வந்த அன்று அவனைச் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பையன் வெளியூரில் வேலை பார்க்கிறான் என்று சொன்னார்கள். வெளியில் கொடுத்தால் சொல்ல வேண்டிவரும், மாமா மகனையே கட்டிக்கொள் என்கிறார் அம்மா. அம்மாவின் சித்தப்பா ஒருவரும் இப்படித்தான் ஊர் ஊராகத் திரிந்து காணாமல் போனாராம். அண்ணனுக்கு ஒரு கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்ற பேச்சும் இருக்கிறது. 'எனக்கு அப்புறம் இவனை யாரிடம் விட, போகும்போது கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவேன்' என்று அம்மா அடிக்கடி சொல்கிறார். அப்பா தாலுகா ஆபீஸில் இருந்து ரிட்டயர்ட், டிவி பார்ப்பார். எனக்கும் வருமா? என் பிள்ளைக்கு வருமா? இன்னொன்று கேட்க வெட்கமாக இருக்கிறது. பஸ்ஸில் வரும்போது வீட்டிலிருந்து போன் வந்தால், அண்ணன் செத்துப்போய்விட்டான் என்ற செய்தியாக இருந்தால் தேவலையே என்று ஒரு நொடி தோன்றுகிறது. நான் கெட்டவளா?

பதில்:

தங்கச்சி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குப் பதில் கிடைக்காமல் மற்றதை நீங்கள் வாசிக்க மாட்டீர்கள். கெட்டவள் இல்லை. மனநலப் பிரிவில் சோஷியல் ஒர்க்கராக 22 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், டாக்டர் மாத்திரை எழுதி முடித்த பிறகு வீட்டு ஆட்களிடம் பேசுவதுதான் என் வேலை. 'கதவைச் சாத்திக்கட்டுமா மேடம்' என்று கேட்டுவிட்டு எதிரில் உட்காருகிற அம்மா, மனைவி, தம்பி எத்தனையோ பேர் இதே வரியைச் சொல்லிவிட்டு அழுதிருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள்தான் மறுவாரமும் ஓபி வரிசையில் காலை ஏழு மணிக்கே நின்றிருக்கிறார்கள். கொஞ்சம் பேசவிட்டுக் கேட்டால், அந்த போன், அந்தச் சாயங்காலம், கதவைத் திறக்கும் முன் உள்ளே என்ன சத்தம் கேட்கிறது என்று காதைக் கொடுத்து நிற்கிற அந்த நிமிடம், இதெல்லாம் ஒருநாள் முடிந்துவிடாதா என்பதுதான் அதற்குள் இருக்கும். பதிமூன்று வருடம் அப்படி நின்றால் யாருக்கும் தோன்றும். தோன்றியதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்த எண்ணம் ஒரு நொடியில் போகாமல் தங்க ஆரம்பித்தாலோ, 'அவன் வேண்டாம், நானே போய்விடுகிறேன்' என்று திரும்பினாலோ 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ், அரசு நடத்துவது, இலவசம், இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன், அண்ணன் ஹாஸ்டலை விட்டு வந்தபோது உங்களுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பாக இருக்கலாம். அந்த வருடப் பரீட்சை எப்படிப் போனது, குணசீலத்தில் 48 நாள் அம்மா தங்கியபோது நீங்கள் யார் வீட்டில் இருந்தீர்கள், யார் சாப்பாடு போட்டார்கள், கடிதத்தில் எதுவுமே இல்லை. உடன்பிறந்தவர்கள் எழுதும் கடிதம் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், தன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் நோயாளியைப் பற்றியே எழுதி முடிப்பார்கள். ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத வீட்டில் இன்னொரு பிள்ளைக்கு 'தொந்தரவு இல்லாத பிள்ளை' என்று பட்டம் கிடைத்துவிடும், அவளுக்கென்ன, அவள் பார்த்துக்கொள்வாள் என்று. அதற்கு அப்புறம் அவள் காய்ச்சல் என்று படுக்கக்கூட யோசிப்பாள். இன்னொன்றும் இல்லை கடிதத்தில்: அண்ணன் முன்பு எப்படி இருந்தான் என்பது. சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவனா, கணக்குச் சொல்லிக் கொடுத்தவனா, சண்டைக்காரனா? செத்தவர்களுக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்து அழுது முடிக்கிறோம். அந்த 21 வயதுப் பையனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை, அதே பெயரில் அதே முகத்தோடு இன்னொரு ஆள் வீட்டுக்குள் நடக்கிறான், அழவும் முடியாது. இதை யாரிடமாவது சொல்லுங்கள். நெருங்கிய சிநேகிதி ஒருத்தி போதும்.

சரி, இப்போது அவசரமான விஷயம். கூடவே கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று அம்மா சொல்கிறாரே, அதை நீங்கள் நடுவில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கும், கோபத்தில் சொல்கிறார் என்று வீட்டில் எல்லோரும் விட்டிருப்பீர்கள். எனக்கு அப்படி விட முடியாது. அம்மா தனியாக இருக்கும்போது, அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே கேட்கலாம், 'அப்படிச் சொல்றீங்களே, நிஜமாவே அந்த நினைப்பு வருதாம்மா, எப்படின்னு யோசிச்சிருக்கீங்களா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் புதிதாக அந்த நினைப்பு வந்துவிடாது, இதுவரை யாரும் கேட்கவில்லையே என்று அழுதுவிடுவார், அவ்வளவுதான். வீட்டில் பூச்சிமருந்து, எலி பேஸ்ட் இருந்தால் அன்றைக்கே வெளியேற்றுங்கள், அண்ணனின் மிச்ச மாத்திரை அட்டைகளை உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். வழி யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் தள்ளிப்போடாமல் அன்றே அவரை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். இல்லையென்றாலும் அவரை ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். பதிமூன்று வருடமாக இரவில் காதைத் திறந்து வைத்துப் படுக்கிற ஒரு பெண்ணுக்கு மனச்சோர்வு இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம், அதற்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது.

இனி சாம்பார். அண்ணன் வீட்டுச் சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்கிறான். கலந்தீர்கள்தானே? இந்த நோயில் அடிக்கடி வரும் சந்தேகங்களில் ஒன்று 'எனக்கு விஷம் வைக்கிறார்கள்' என்பது. அதற்கு நாமே சாட்சியைத் தயார் செய்து கொடுத்துவிடுகிறோம். அம்மாவைக் குறை சொல்லவில்லை, நோய் இருப்பதே தெரியாத நிலை இந்த நோயின் ஒரு பகுதி, எனக்கு ஒன்றுமில்லை என்று அவன் சொல்வது பிடிவாதத்தால் இல்லை, அவனுக்கு நிஜமாகவே அப்படித்தான் தெரிகிறது. அப்படிப்பட்டவனுக்கு ஒரு தாய் வேறு எப்படிக் கொடுப்பாள்? நானே வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மாவுக்குத் தோசைமாவில் கலக்கலாம் என்று வழி சொன்னேன். புத்திசாலித்தனமாகச் சொல்லிவிட்டதாக நினைப்பு வேறு. எட்டு மாதம் நன்றாகப் போனது, ஒருநாள் தெரிந்துபோனது, அதற்கு அப்புறம் அந்தப் பையன் இரண்டு வருடம் அம்மா கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கூட வாங்கவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டவே இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே அம்மா இனி கலக்கக் கூடாது. அதைவிட முக்கியம், மூன்று மாதம் விட்ட மாத்திரையைப் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது, யார் மூலமும், எதில் கலந்தும். சில மருந்துகளை, குறிப்பாக குளோசபின், இரண்டு நாள் விட்டாலே மறுபடி மிகக் குறைந்த அளவில் இருந்துதான் ஏற்ற வேண்டும். இந்த வாரமே நீங்களும் அப்பாவுமாக, அண்ணன் இல்லாமல், பார்த்துக்கொண்டிருந்த டாக்டரிடம் போங்கள். பழைய சீட்டுகளைக் கொண்டு போங்கள். கலந்து கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள், நிறைய வீடுகளில் டாக்டருக்கே இது தெரியாது, மருந்து வேலை செய்யவில்லை என்று அவர் அளவைக் கூட்டிக்கொண்டே போயிருப்பார், அம்மாவோ பாதிதான் கலந்திருப்பார். மாதம் ஒருமுறை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுகிற நீண்டநாள் ஊசிகள் இருக்கின்றன, ஃப்ளூஃபெனசின் போன்ற பழைய ஊசிகள் விலையும் குறைவு. அண்ணனுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். ஊசியில் எனக்குப் பிடித்தது, அவன் கண்ணெதிரே நடக்கும், தினம் மூன்று வேளை அம்மாவும் பிள்ளையும் தட்டைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

மாத்திரையை அவன் வெறுப்பதற்குக் காரணம் இருக்கலாம் என்று யாராவது கேட்டீர்களா? உடம்பு போடும், பகலெல்லாம் தூக்கம் தள்ளும், கை விறைக்கும், எச்சில் ஒழுகும், உட்கார்ந்த இடத்தில் கால் சும்மா இருக்காது. ஆண்மை சம்பந்தமான தொந்தரவும் சில மருந்துகளில் வரும், அதை 34 வயது ஆள் அம்மாவிடம் சொல்வானா? அவனை டாக்டரிடம் பத்து நிமிடம் தனியாக உட்கார விடுங்கள்.

டாக்டரிடம் எப்படி வரவைப்பது? முட்டையில் இருந்து ஆரம்பியுங்கள் என்பேன். சனிக்கிழமை சாயங்காலம், அவன் அடுப்பில் சட்டி வைக்கும்போது, 'அண்ணா, எனக்கும் ஒண்ணு அவிச்சுக் குடு' என்று கேளுங்கள். அவன் அவித்ததை அவன் எதிரில் சாப்பிடுங்கள். பதிமூன்று வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் அவனுக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள், அவனிடம் யாரும் எதுவும் வாங்கியதில்லை. முதல் நாள் முறைப்பான், தரமாட்டேன் என்றும் சொல்லலாம். பரவாயில்லை, அடுத்த சனிக்கிழமை மறுபடி. அம்மாவின் ஆள் என்று சொன்னால் இல்லை என்று வாதாடாதீர்கள், 'கலந்தாங்க, உண்மைதான், எனக்கும் தெரியும், உங்கிட்ட சொல்லாம இருந்தேன், தப்புதான்' என்று ஒரே தடவை சொல்லிவிட்டு நிறுத்துங்கள், கூடவே மாத்திரையின் நன்மை பற்றிப் பிரசங்கம் வேண்டாம். அவன் அப்போது கொதிப்பில் இருந்தால் மட்டும் இதைத் தள்ளிப்போட்டு டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள். குரல் கேட்கிறது என்றால் அப்படி எதுவும் இல்லை என்று நிரூபிக்கப் பார்க்காதீர்கள், ஆமாம் எனக்கும் கேட்கிறது என்று பொய்யும் சொல்லாதீர்கள். 'கேட்டா பயமாத்தான் இருக்கும், ராத்திரி தூங்கவே முடியலையா?' என்று தூக்கத்துக்கு வாருங்கள். நோயை ஒத்துக்கொள்ளாத எத்தனையோ பேர் தூக்கமில்லை என்பதை ஒத்துக்கொண்டு என் அறைக்கு வந்திருக்கிறார்கள். தூக்கத்துக்காக வந்தாலும் வந்ததுதான்.

இதெல்லாம் பலிக்காமல், சாப்பாடு இன்னும் குறைந்தாலோ, கை ஓங்கினாலோ, தன்னையே காயப்படுத்தினாலோ காத்திருக்க வேண்டாம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வீட்டார் ஒருவர் அவன் சார்பில் பேசுகிற நியமனப் பிரதிநிதியாக எழுதிக் கொடுத்து, மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, தேவை என்றால் அவன் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் 30 நாள் வரை சேர்க்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் வார்டு இருக்கிறது, மாவட்டத்துக்கு மாவட்டம் மனநலத் திட்டமும் இருக்கிறது, அவசரம் என்றால் 108. ஜூஸில் தூக்க மாத்திரை போட்டு, நாலு ஆளை வைத்துக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிற பழைய பாணி வேண்டாம், அப்படிப் போனவன் அடுத்த முறை வீட்டுக்குள்ளேயே இருக்க மாட்டான்.

குணசீலம் பற்றி ஒரு வார்த்தை. 'அப்புறம்தான் டாக்டர்' என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த 'தான்'-இல் கோபம் இருக்கிறது. சீக்கிரம் மருந்து தொடங்கினால் நல்லது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் அம்மாவுக்கு அன்று தெரிந்த ஆஸ்பத்திரி அதுதான், இங்கே தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள், ஏர்வாடி தர்காவுக்கும் போகிறார்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தப்ப முடியாமல் செத்த பிறகுதான் நாடே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. இப்போது அதே ஏர்வாடியில் துவா பிரார்த்தனையும் நடக்கிறது, அரசு டாக்டர் மாத்திரையும் கொடுக்கிறார். அம்மாவுக்கு சனிக்கிழமை பெருமாள் வேண்டுமென்றால் இருக்கட்டும், மாத்திரையோடு அவருக்கு ஒன்றும் தகராறு இல்லை.

வெளிநாட்டில் பல இடங்களில் இப்படிப்பட்டவரை விடுதியில் வைத்து நர்ஸ் பார்ப்பார். நம் ஊர் வைத்தியம் வீட்டு ஆளை நம்பித்தான் ஓடுகிறது. 1950-களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் கூடாரம் போட்டு வீட்டாரையும் தங்க வைத்தார், வேலூர் சிஎம்சியின் மனநல மையம் 1957-இல் தொடங்கியதில் இருந்து நோயாளியோடு வீட்டார் ஒருவர் தங்குவதுதான் வழக்கம். நல்ல ஏற்பாடுதான், நோயாளி அநாதையாவதில்லை. ஆனால் அந்த வீட்டு ஆள் யார் என்று பாருங்கள், பெரும்பாலும் அம்மா, அம்மாவுக்கு முடியாதபோது மகள். சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. லண்டனில் ஜார்ஜ் பிரௌன் என்ற ஆய்வாளரின் குழு 1950-களில் மனநல மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பிய ஆண்களைத் தொடர்ந்து பார்த்தது. பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களுக்குத்தான் நோய் அதிகம் திரும்பியது, வாடகை அறையிலோ உடன்பிறந்தவர்களிடமோ போனவர்கள் தேவலை. தோண்டிப் பார்த்தபோது கிடைத்த காரணம் வீட்டுப் பேச்சு: குத்திக்காட்டுவது, எரிந்து விழுவது, அப்புறம் நம் ஊர்ச் சரக்கான ஒன்று, பொத்திப் பொத்திப் பார்ப்பது. அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் இருந்தவர்களுக்கு நோய் திரும்புவது கூடியது என்று பின்னால் வந்த ஆய்வுகளும் கண்டன. 1980-களில் சண்டிகரில் இதே அளவுகோலை வைத்துப் பார்த்ததில் லண்டனைவிட நம் வீடுகளில் குத்தல் பேச்சு குறைவு, அதுவரை சந்தோஷம். இதை அம்மாவிடம் சொல்லும்போது கவனம் தேவை, நோய் வந்ததே உன்னால்தான் என்று அவர் காதில் விழுந்துவிடும். வளர்ப்பால் வருகிற நோய் இல்லை இது. தாயின் வளர்ப்புதான் காரணம் என்று ஒரு காலத்தில் டாக்டர்களே எழுதி எத்தனையோ அம்மாக்களை நோகடித்தார்கள், அது தப்பு என்று எப்போதோ தெரிந்துவிட்டது.

இதை உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். அம்மாவும் அண்ணனும் ஒரே வீட்டில் காலையில் இருந்து இரவு வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். 35 மணி நேரம் என்பது செவ்வாய்க்கிழமையே முடிந்துவிடும். நீங்கள் பஸ்ஸில் வந்து இறங்கியதும் அம்மா அன்றைய கதையெல்லாம் உங்களிடம் சொல்வார், அண்ணன் அதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பான், பின்னே எப்படி நீங்கள் அம்மாவின் ஆள் ஆகாமல் இருப்பீர்கள்? மதுரையில் பெண்கள் விடுதி ஒன்றில் திங்கள் முதல் வெள்ளி வரை தங்கிக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்குப் போகலாம் என்பது என் யோசனை. விட்டுவிட்டுப் போகிறாள் என்று சித்தப்பா வீட்டில் பேசுவார்கள், பேசட்டும். ஆனால் அம்மாவிடம் கேட்கச் சொன்னேனே, அதற்கு விடை தெரிந்து அவர் பத்திரமாக இருக்கிறார் என்று டாக்டர் சொன்ன பிறகு போங்கள். அண்ணனையும் பகலில் இரண்டு மூன்று மணி நேரம் வெளியே இருக்க வையுங்கள், தெரிந்தவர் ஜெராக்ஸ் கடை, மாவு மில், எதுவானாலும். சம்பளம் முக்கியமில்லை. போன் விஷயத்திலும் ஒரு ஒப்பந்தம் வேண்டும், வேலை நேரத்தில் அம்மா கூப்பிடுவது ஆஸ்பத்திரி, போலீஸ், ஆளைக் காணோம் என்ற மூன்றுக்கு மட்டும்தான். முட்டை அவித்தான், உரித்தான் என்பதெல்லாம் இரவு எட்டு மணிக்குச் சொல்லட்டும். அப்போதுதான் பஸ்ஸில் போன் அடிக்கும்போது உங்கள் வயிறு கலங்குவது குறையும்.

உங்களுக்கு வருமா என்ற கேள்வி. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிறது. உடன்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றில் ஒன்பது, பத்து. அதாவது தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. இந்த நோய் பெரும்பாலும் பதினெட்டில் இருந்து முப்பதுக்குள் தலைகாட்டும், பெண்களுக்குச் சற்றுத் தாமதமாகவும் வரலாம், 28 வயதில் நீங்கள் ஆபத்தான காலத்தில் பெரும்பகுதியைத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் பிள்ளைக்கு அவன் தாய்மாமன், அந்த உறவில் நூற்றுக்கு மூன்று, நான்கு. ஒரே கரு இரட்டையரில் ஒருவருக்கு இருந்தாலே மற்றவருக்கு வருவது ஏறக்குறைய பாதிப்பேருக்குத்தான், அப்படியென்றால் ரத்தம் மட்டுமே தீர்மானிக்கிற விஷயம் இல்லை இது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பதின்வயதில் கஞ்சா பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது உறுதியாகச் செய்யக்கூடிய ஒன்று.

மாமா மகன் விஷயத்தில் மட்டும் தயங்குகிறேன். அம்மாவின் சித்தப்பா ஊர் ஊராகத் திரிந்தார் என்றால் அவருக்கும் இதுவே இருந்திருக்கலாம், அப்படியானால் இது அம்மா வழியில் ஓடுகிறது, மாமா மகனும் அதே வழி. சொந்தத்தில் கட்டினால் இரண்டு பக்கமும் ஒரே சரக்கு சேரும். உங்களுக்கு அவரைப் பிடித்திருந்தால் மரபணு ஆலோசனை கேட்டுவிட்டு யோசிக்கலாம். பிடிக்காமல், சொல்ல வேண்டியதில்லையே என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். வெளி வரன் என்றால், பஜ்ஜி கேசரி தட்டு நடுவில் வைத்துப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பிடித்திருக்கிறது என்று இரண்டு பக்கமும் ஆன பிறகு, பூ வைக்கும் முன்பு, பையனிடம் நீங்களே தனியாகச் சொல்லுங்கள். 'அண்ணன் வெளியூரில் இல்லை, வீட்டில்தான் இருக்கிறார், அவருக்கு ஸ்கிசோஃப்ரினியா, வைத்தியம் நடக்கிறது, கல்யாணத்துக்கு அப்புறமும் மாதம் ஒருமுறை நான் போய்ப் பார்ப்பேன், இவ்வளவு பணம் கொடுப்பேன்.' அவ்வளவுதான், மன்னிப்புக் கேட்கிற குரல் வேண்டாம். இரண்டு பேராவது போய்விடுவார்கள், வலிக்கும். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு நான்காவதாக வந்தவர், 'எங்க அத்தைக்கும் இதுதான், எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க?' என்று கேட்டாராம்.

அண்ணனுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கும் பேச்சை எடுப்பவர் யார், சித்தப்பாவா? அவர் தனக்குத் தெரிந்த நல்ல குடும்பத்துப் பெண்ணை இந்த மாப்பிள்ளைக்குக் கொடுக்கச் சம்மதிப்பாரா என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். இந்த நோய் உள்ளவர்கள் கல்யாணம் செய்து நன்றாக வாழ்வதும் உண்டு, மருந்தில் நிதானமாக இருந்து, இரண்டு பேருக்கும் தெரிந்து, அவர்களே விரும்பி. மருந்தையே நிறுத்தி மூன்று மாதம் ஆன ஆளுக்கு மறைத்துக் கட்டி வைத்தால் இந்து திருமணச் சட்டப்படி அந்தக் கல்யாணமே செல்லாது என்று அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போகலாம். போகாமல் இருந்தால் அதைவிட மோசம், உங்கள் வீட்டில் இன்னொரு பெண் இரவெல்லாம் விழித்திருப்பாள்.

கடைசியாக அப்பா. இப்போது அவர் என்ன செய்கிறார் என்பதற்குக் கடிதத்தில் இரண்டே வார்த்தை கொடுத்திருக்கிறீர்கள், 'டிவி பார்ப்பார்.' ஓபியில் அப்பாக்கள் நாற்காலியில் உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டு ஃபைலை மட்டும் கையில் வைத்திருப்பார்கள், கேட்டால்தான் வாயைத் திறப்பார்கள், ஆனால் எந்த வருடம் எந்த மாத்திரை என்று தேதியோடு சொல்வார்கள். உங்கள் அப்பா தாலுகா ஆபீஸில் இருந்தவர், மனு, சான்றிதழ், எந்த மேசையில் எந்தக் கையெழுத்து என்பதெல்லாம் உங்களையும் என்னையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும், அதை அவரிடம் கொடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது, அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் மதிப்பிட்டு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சான்று தந்தால் அடையாள அட்டை கிடைக்கும். அம்மா முத்திரை குத்துகிறீர்களே என்பார், ஆனால் அந்தச் சான்று இருந்தால்தான் அடுத்தது: அரசு ஊழியருக்குச் சம்பாதிக்க முடியாத அளவு மனநோயுள்ள பிள்ளை இருந்தால், பெற்றோர் இரண்டு பேருக்கும் பிறகு குடும்ப ஓய்வூதியம் அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுக்க வரும். அப்பா இருக்கும்போதே அவர் கையால் ஓய்வூதிய ஆவணங்களில் அண்ணன் பெயரையும் நிலையையும் பதிந்துவைத்தால் வேலை சுலபம், பின்னால் நீங்கள் தனியாக அலைந்தால் வருடக்கணக்கில் இழுக்கும். வீட்டை அண்ணன் பேருக்கு நேரடியாக எழுதாமல், அவனுடைய செலவுக்கு என்று ஒரு அறக்கட்டளைபோல உயிலில் ஏற்பாடு செய்ய முடியுமா என்று வக்கீலிடம் கேட்கட்டும். ஒரு எச்சரிக்கை, நேஷனல் டிரஸ்ட் என்ற மத்திய அரசு அமைப்பு மூலம் சட்டப்படி காப்பாளர் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள், 1999-ஆம் வருடத்து அந்தச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இவற்றுக்கு மட்டும், இதற்குப் பொருந்தாது, அலைய வேண்டாம்.

எனக்கு அப்புறம் யார் என்ற அம்மாவின் கேள்விக்கு நீங்கள் ஒருத்தியே பதிலாக நிற்க வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் காகிதங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று டிவியை நிறுத்திவிட்டு, 'அப்பா, ஃபைல் ஒண்ணு போடணும், எப்படி அடுக்கணும்னு எனக்குத் தெரியல' என்று மட்டும் சொல்லுங்கள். அண்ணனின் முதல் ஓபி சீட்டில் இருந்து எல்லாவற்றையும் அவர் எங்கோ மஞ்சள் பையில் போட்டு வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.